ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஜாடி

கடைக்காரப் பெண் கண்ணாடி ஜாடியின் மூடியைத் திருகித் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். முதலில் வந்தது மிளகு. அப்போதுதான் இடித்த மிளகு. அதன் பின்னால் எலுமிச்சைத் தோல். அதற்கும் பின்னால் ஈரமண். மூடியைத் திரும்பப் போடப் போகும் நேரத்தில் பைன் மரப் பிசினின் நெடி. கொடைக்கானலில் பேருந்தை விட்டு இறங்கியதும் மூக்கில் ஏறுமே, அதே நெடி.

“நார்தர்ன் லைட்ஸ்” என்றாள் ஆங்கிலத்தில். “மாலை நேரத்துக்கானது. உடம்பைத் தளர்த்திவிடும். இதற்குப் பிறகு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.”

பக்கத்தில் நின்ற அக்கா மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆம்ஸ்டல்வேனில் மென்பொருள் வேலை அவனுக்கு. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு வான்கோ அருங்காட்சியகத்தைக் காட்டுவான், படகில் ஏற்றுவான், துலிப் காலமாக இருந்தால் தோட்டத்துக்குக் கூட்டிப்போவான். நரைத்த தலையோடு ஒரு தாய்மாமன் கஞ்சாக் கடைக்குக் கூட்டிப்போ என்று கேட்டது அவனுக்குப் புதுச் சங்கடம். “அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க மாமா” என்று வரும் வழியிலேயே வாக்குறுதி வாங்கியிருந்தான். அக்கா இதழ்கள் படிப்பதில்லை, ஆகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் கஞ்சா என்றால் பொட்டலம், போலீஸ், காலைப் பேப்பரில் நாலாம் பக்கச் செய்தி. அதற்கு ஒரு சுவை உண்டு, ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் வாசனையில் வித்தியாசம் உண்டு, ஒன்று தூக்கத்துக்கு, இன்னொன்று அரட்டைக்கு என்று பிரித்து விற்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குக் கேள்விப்பட்ட கதைதான். இளைப்பாறல் என்பது ஒரு செடியின் குணமா, அல்லது விற்கிறவர் ஒட்டும் சீட்டா என்று பார்த்துவிட ஆசை.

கடையின் பலகையில் ‘காபி ஷாப்’ என்று இருந்தது. “காபி வேணும்னா கஃபேக்குப் போகணும் மாமா, காபி ஷாப்புன்னா இதுதான்” என்றான் மருமகன். காபியும் விற்கிறார்கள், சுமாரான காபி. வாசலில் கடவுச்சீட்டை வாங்கிப் பிறந்த தேதியைப் பார்த்தார்கள். என் தலையைப் பார்த்தும் அந்தச் சடங்கை விடவில்லை.

நெதர்லாந்தில் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பொருள் என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. 1976-ல் ஓபியம் சட்டத்தைத் திருத்தியபோது ஹெராயின் முதலானவற்றை ஒரு பட்டியலிலும் கஞ்சாவை வேறொரு பட்டியலிலும் வைத்தார்கள். இன்றும் விற்பது குற்றம்தான். நிபந்தனைகளை மீறாதவரை வழக்குப் போடுவதில்லை, அவ்வளவே. ஒருவருக்கு ஒரு நாளில் 5 கிராமுக்கு மேல் தரக் கூடாது. 18 வயது ஆகாதவர் உள்ளே வரக் கூடாது. கடை இருப்பு 500 கிராமைத் தாண்டக் கூடாது. மது கூடாது, விளம்பரம் கூடாது, அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு கூடாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2008 ஜூலை முதல் கடைகளுக்குள் புகையிலை பிடிக்கத் தடை. ஆகவே இங்கே கஞ்சாவைத் தனியாகப் புகைக்கலாம், அதில் ஒரு சிட்டிகை புகையிலை சேர்த்தால் தப்பு.

அந்தப் பெண் மூன்று ஜாடிகளைத் திறந்து காட்டினாள். இரண்டாவது ஊதா நிறம் ஓடிய மொட்டுகள். திராட்சையும் லாவெண்டரும் கலந்த வாசனை, கொஞ்சம் சோப்புக் கடை ஞாபகம். நாவல் பழத்துக்கு நிறம் தரும் அதே ஆந்தோசயனின்தான் இந்த ஊதாவுக்கும் காரணம்; அதற்கும் போதைக்கும் தொடர்பில்லை. மூன்றாவது, பகலில் பேசிச் சிரிக்க வேண்டியவர்களுக்கு என்றாள். எனக்குப் பகலில் பேசிச் சிரிக்கக் கஞ்சா தேவைப்பட்டதில்லை என்பதால் முதல் ஜாடிக்கே திரும்பினேன்.

மூக்குக்கு எட்டியது கற்பனை இல்லை. இந்தச் செடியின் பெண் பூக்களில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பிசின் முடிகள் அடர்ந்திருக்கும். போதையும் மணமும் அங்கேதான் உருவாகின்றன. மணத்தில் பெரும்பங்கு டெர்பீன் எனும் எண்ணெய்ச் சேர்மங்களுடையது. மிர்சீன் மாம்பழத்திலும் எலுமிச்சைப் புல்லிலும் இருப்பது. ஈரமண் போன்ற அடிவாசனை அதிலிருந்து வருகிறது. காரியோஃபிலீன் மிளகிலும் கிராம்பிலும் இருப்பது. லிமோனீன் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில். பைனீன் என்ற பெயரிலேயே மரம் இருக்கிறது. ஊதா மொட்டின் லாவெண்டர் மணத்துக்கு லினலூல். நம் அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் கொத்தமல்லி விதையின் எண்ணெயில் பெரும்பங்கு அதுவே. ரசப்பொடி டப்பாவைத் திறந்து முகரத் தெரிந்த எந்தத் தமிழ்நாட்டு மூக்கும் இந்தக் கடையில் வேலைக்குச் சேரலாம்.

ஆனால் தெருவில் நடக்கும்போது சந்து முனையில் அடிக்கிறதே ஒரு நாற்றம், அது டெர்பீன் இல்லை. அது கந்தகச் சேர்மம். 2021-ல்தான் வேதியியலாளர்கள் அதை ஒழுங்காகப் பிரித்துக் காட்டினார்கள். வெயில் பட்டுக் கெட்ட பீரில் வரும் நாற்றமும் அதே சேர்மத்தால்தான்.

நார்தர்ன் லைட்ஸுக்குப் பெயர்தான் வடதுருவ ஒளி. பூர்வீகம் ஆப்கானிஸ்தான் மலைச்சரிவுச் செடிகள் என்று சொல்லப்படுகிறது. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருந்த வளர்ப்பவர்களிடமிருந்து அந்த வம்சம் 1980களில் நெதர்லாந்துக்கு வந்தது. கொண்டுவந்து பரப்பியவர் நெவில் ஷூன்மேக்கர்ஸ் என்கிற ஆஸ்திரேலியர். 1984-ல் தபாலில் விதை விற்கும் வியாபாரம் தொடங்கினார். அமெரிக்க அரசு அவரைத் துரத்தியது. 1990-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போன இடத்தில் கைதானார். அவருடைய விதை வங்கி பென் டிராங்கர்ஸ் நடத்திய நிறுவனத்தோடு சேர்ந்தது. அந்த டிராங்கர்ஸ் தொடங்கிய கஞ்சா அருங்காட்சியகம் சிவப்பு விளக்குத் தெருவின் கால்வாய்க் கரையில் 1985 முதல் இருக்கிறது. மருமகன் வெளியே நின்றுவிட்டான். நான் போய்ப் பார்த்தேன். போதையைவிடக் கயிறும் பாய்மரத் துணியும்தான் அங்கே எனக்குப் பிடித்தன. டச்சுக் கப்பல்களை இழுத்துக்கொண்டு போனது காற்று என்றால், அந்தக் காற்றைப் பிடித்தது இந்தச் செடியின் நார்.

அதே வட்டாரத்தில், சற்று நடந்தால், டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகமாக இருந்த கட்டடம். இப்போது பல்கலைக்கழகத்தின் வசம். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த கம்பெனியின் கணக்குகள் இங்கேதான் முடிக்கப்பட்டன. முற்றத்தில் நின்றபோது எனக்கு மிளகைவிட ஒரு புத்தகம்தான் நினைவில் இருந்தது. கொச்சியில் டச்சுத் தளபதியாக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர் முதலானோர் சொல்லக் கேட்டுத் தொகுத்த ‘ஹோர்தூஸ் மலபாரிகுஸ்’. 1678 தொடங்கி 1693 வரை 12 தொகுதிகளாக இதே ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அதன் பத்தாம் தொகுதியில் கஞ்சாச் செடியின் படங்கள் இரண்டு, ‘கஞ்சாவு’ என்ற மலையாளப் பெயரோடு. 1753-ல் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தச் செடிக்கு ‘சாத்திவா’ என்று அறிவியல் பெயர் சூட்டியபோது அந்தப் பக்கங்களைச் சுட்டிக்காட்டினார். காபி ஷாப் வருவதற்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு முன்பே கஞ்சா இந்த நகரத்துக்கு ஏட்டில் வந்துவிட்டது.

1785-ல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லாமார்க் வந்து, இந்தியச் செடி ஐரோப்பியச் செடியிலிருந்து வேறு என்று பிரித்து, ‘இண்டிகா’ என்றார். அவர் கையிலிருந்தவை பிரெஞ்சுப் பயணி பியேர் சொன்னரா அனுப்பிய காய்ந்த செடிகள். புதுச்சேரிக் கரையெல்லாம் சுற்றிய அதே சொன்னராதான். அவை ஒடுங்கிய இலைச் செடிகள். இன்று கடைப் பட்டியலில், நார்தர்ன் லைட்ஸ் உட்பட, ‘இண்டிகா’ என்று ஓர் ஓரத்தில் பிறைநிலா போட்டு விற்பதோ ஆப்கானின் குட்டையான, அகன்ற இலைச் செடி வம்சம். 1970களுக்குப் பிறகு நடந்த பெயர் இடமாற்றம் இது. இண்டிகா என்றால் உடம்பு தளரும், சாத்திவா என்றால் உற்சாகம் வரும் என்று உலகம் முழுக்க ஒப்பிக்கிறார்கள். நெதர்லாந்தின் மருத்துவக் கஞ்சா நிறுவனமான பெட்ரோகான் தந்த மாதிரிகளைக் கனடிய ஆய்வாளர்கள் மரபணு வரை பிரித்துப் பார்த்து 2021-ல் எழுதினார்கள்: சீட்டில் இண்டிகா என்றிருப்பதற்கும் செடியின் வம்சத்துக்கும் பெரிதாகச் சம்பந்தமில்லை. சம்பந்தம் தெரிந்தது சில மணச் சேர்மங்களில் மட்டும். மிர்சீனும் மண்வாசனைச் சேர்மங்களும் மிகுந்ததை இண்டிகா என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது வளர்க்கிறவரும் முகர்ந்து பார்த்துத்தான் சீட்டு ஒட்டுகிறார்.

எனக்குப் புகை ஆகாது. கடையில் ஆவியாக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. தூளாக்கிய மொட்டை எரிக்காமல், 180 டிகிரி வாக்கில் சூடுபடுத்தி, வரும் ஆவியை ஒரு பையில் பிடித்துத் தரும். பச்சையாக மென்று தின்றால் இந்தச் செடி அநேகமாக ஒன்றும் செய்யாது. அதிலிருக்கும் அமிலம் சூடு பட்டுத்தான் போதை தரும் டிஹெச்சி ஆகிறது. கால் கிராமுக்கும் குறைவாகப் போடச் சொன்னேன். அந்தப் பெண் அதையும் பாதியாக்கினாள். “முதல் தடவையா? பாதி போதும். வேண்டுமானால் பிறகு.” வியாபாரி குறைத்து வாங்கச் சொல்லிக் கேட்டது எனக்கு அபூர்வம்.

ஜாடியில் முன்னால் நின்ற மிளகு வாயில் பின்னால் போய்விட்டது. முதல் இழுப்பில் எலுமிச்சை, ஒரு மெல்லிய தித்திப்பு. இரண்டாவதில் பைன், தொண்டையில் லேசான குளிர்ச்சி, காய்ந்த வைக்கோல். பையின் அடியில் இருந்தது வெறும் சோளப்பொரி வாசம்; சுவையான எண்ணெயெல்லாம் முதலிலேயே பறந்துவிடுகிறது. ரசிப்பதற்காக இழுப்பவர் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு வந்தது இளைப்பாறலா என்றால் இல்லை, படபடப்பு. நெஞ்சு வேகமாக அடித்தது. தளர்த்தும் என்று பெயரெடுத்த பொருள் முதலில் இதயத்துடிப்பை ஏற்றத்தான் செய்கிறது. இதய நோயுள்ளவர்கள் விலகி நிற்க வேண்டியதற்குக் காரணம் அதுவே. வாய் வறண்டது. சிறிது நேரம் கழித்துத் தோள்கள் இறங்கின. நான் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடமாடுகிறவன் என்பதே அவை இறங்கிய பிறகுதான் தெரிந்தது. கண்ணிமை கனத்தது. சன்னலுக்கு வெளியே கால்வாயில் ஒரு படகு போனது, போய்க்கொண்டே இருந்தது. மணிக்கூண்டின் ஓசை ஒவ்வொன்றாக, ஒன்றோடொன்று முட்டாமல் வந்தது. மருமகனிடம் அவனுடைய தாத்தா ஒரு முறை மாட்டுச் சந்தையில் ஏமாந்த கதையைச் சொல்லத் தொடங்கினேன். மாட்டின் நிறம் வரை வந்தேன், பிறகு எதற்காகச் சொல்ல ஆரம்பித்தேன் என்பது போய்விட்டது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் எதையும் தொட்டிருக்கவில்லை.

மறந்ததற்குக் காரணம் உண்டு. டிஹெச்சியை 1964-ல் பிரித்தெடுத்த ரஃபேல் மெக்கூலமின் ஆய்வகமே 1992-ல், நம் மூளை தானாகவே இதைப் போன்ற ஒன்றைச் சுரக்கிறது என்று கண்டது. ஆனந்தம் என்ற சொல்லையொட்டி ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். அது போய் உட்காரும் ஏற்பிகளில்தான் கஞ்சாவும் போய் உட்கார்கிறது. ஞாபகத்தைப் பதிக்கும் பகுதியில் அந்த ஏற்பிகள் நிறைய. ஆகவே மாட்டின் நிறத்தோடு கதை நின்றது. பசியை ஆளும் பகுதியிலும் உண்டு. ஆகவே அடுத்த அரை மணியில் தெருமுனைக் கடையில் கூம்புக் காகிதம் நிறைய உருளைக்கிழங்கு வறுவலை, எனக்குக் கட்டோடு பிடிக்காத மயோனைஸில் தோய்த்துத் தின்றேன். அமிர்தம். மூச்சை நடத்தும் மூளைத்தண்டில் அவை மிகக் குறைவு. அபின் வகைகள் அளவு மிஞ்சினால் மூச்சை நிறுத்துவது போல இது நிறுத்தாததற்கு அதுவே காரணம்.

அதற்காக ஆபத்தில்லை என்று சொல்ல மாட்டேன். அதே கடையில், எங்களுக்கு இரண்டு மேசை தள்ளி, ஒரு சுற்றுலாப் பையன் வெளிறிப்போய் வியர்த்து உட்கார்ந்திருந்தான். கஞ்சாக் கேக் தின்றவன். வயிற்றுவழி போவது ஏறுவதற்கு அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். ஒன்றும் செய்யவில்லையே என்று இன்னொரு துண்டும் தின்றிருக்கிறான். கல்லீரல் அதை இன்னும் வீரியமான பொருளாக மாற்றி அனுப்பும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கடைப் பெண் இனிப்பான குளிர்பானம் கொடுத்து, சாகமாட்டாய், போய்விடும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அன்று கேட்டதிலேயே உருப்படியான மருத்துவ ஆலோசனை அதுதான். சிறு அளவில் பதற்றத்தைத் தணிக்கும் அதே டிஹெச்சி அளவு ஏறினால் பதற்றத்தை உண்டாக்குகிறது. எனக்குத் தோள் இறங்கியதும் அவனுக்கு முகம் வெளிறியதும் ஒரே பொருளால்.

பழைய தலைமுறை புகைத்த கஞ்சாவும் இதுவும் ஒன்றல்ல. டச்சு மனநல நிறுவனமான டிரிம்போஸ் ஆண்டுதோறும் காபி ஷாப் சரக்கை வாங்கிச் சோதிக்கிறது. உள்நாட்டில் விளைந்ததில் டிஹெச்சி 2000-ல் சராசரியாக 9 விழுக்காட்டை ஒட்டி இருந்தது, 2004-ல் 20-ஐத் தொட்டது. 2019-ல் லான்செட் மனநல இதழில் வந்த பன்னாட்டு ஆய்வு, வீரியம் மிகுந்த கஞ்சா கிடைக்காமல் போனால் ஆம்ஸ்டர்டாமில் புதிதாக மனப்பிறழ்வுக்கு ஆளாவோரில் பாதிப் பேர் வரை தப்பலாம் என்று மதிப்பிட்டது. காரணம் இதுவே என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது, மறுப்பவர்களும் இருக்கிறார்கள். இருபது வயதுப் பையன்கள் தினமும் இழுப்பதைப் பார்த்தபோது எனக்கு அந்த மறுப்புகள் ஞாபகம் வரவில்லை.

இன்னொரு நாள் மருமகன் ஸான்டாமுக்குக் கூட்டிப்போனான். ரயிலேறினால் கால் மணி நேரம்கூட இல்லை. காற்றாலைகளுக்குப் பெயர் போன வட்டாரம். ஒரு காலத்தில் இதே கஞ்சாச் செடியின் தண்டை இடித்து நாரெடுக்கவே தனி ஆலைகள் சுழன்றன. இப்போது நிலையத்தை விட்டு வெளியே வந்தால் காற்றில் கோகோ வறுபடும் வாசனை, தொழிற்சாலைகளிலிருந்து. கோகோவிலும் ஆனந்தமைடு மிகமிகச் சிறிய அளவில் இருக்கிறது. கூட்டிப்போனது அதற்காக இல்லை. ஆம்ஸ்டர்டாம் கடைகள் முன்வாசலில் விற்பதைப் பொறுத்துக்கொள்ளும் அரசு, பின்வாசல் வழியாக வாங்குவதைப் பொறுத்துக்கொள்வதில்லை. வளர்ப்பது குற்றம், மொத்தமாக விற்பது குற்றம். அந்த ஜாடிக்குள் வந்தது எங்கே விளைந்தது, என்ன மருந்து தெளித்தார்கள் என்று அந்தப் பெண்ணுக்கே தெரியாது. இந்த அபத்தத்தைத் தீர்க்க 10 நகராட்சிகளில் ஒரு சோதனை நடக்கிறது. உரிமம் பெற்றவர்கள் வளர்க்கிறார்கள், கடைகள் அவர்களிடம் மட்டுமே வாங்க வேண்டும். 2023 டிசம்பரில் பிரெடாவிலும் டில்பர்கிலும் தொடங்கியது. ஸான்டாம் அடங்கிய ஸான்ஸ்டாட் நகராட்சியும் அதில் உண்டு, ஆம்ஸ்டர்டாம் இல்லை.

அங்கே நான் பார்த்த கடையில் எல்லாம் மூடி முத்திரையிட்ட பொதிகள். டிஹெச்சி இத்தனை விழுக்காடு, சிபிடி என்னும் இன்னொரு சேர்மம் இத்தனை, எச்சரிக்கை வாசகம். மாத்திரைப் பட்டை வாங்குவது போல வாங்கிக்கொண்டு போனார்கள். முகர்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன். பொதியைப் பிரிக்க முடியாது என்றார்கள். ஆம்ஸ்டர்டாமில் முகரலாம், பூர்வீகம் தெரியாது. இங்கே பூர்வீகம் அச்சிட்டிருக்கிறது, முகர முடியாது. மருமகன் இதை நிர்வாகக் கோளாறு என்றான். எனக்கு இதில் சந்தேகமில்லை: பூச்சி மருந்தா, பூஞ்சையா என்று பயப்படாமல் இழுக்கக் கிடைக்கும் பொதிதான் மேல். வாசனைக்கு ஒரு மாதிரி ஜாடி வைத்துவிட்டால் கதை முடிந்தது.

ஆக, அந்த ஜாடிக்கு என் தீர்ப்பு இது. நார்தர்ன் லைட்ஸின் சுவை நிஜம். மிளகும் எலுமிச்சையும் பைனும் அதில் உண்டு, ரசிக்கலாம். இளைப்பாறலில் பாதியைச் செடி தந்தது. மீதியைத் தந்தவை பாதியாகக் குறைத்த அளவும், கதவைத் தட்டப் போலீஸ் வராது என்ற நிம்மதியும், எதையும் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகனும். சீட்டில் எழுதியிருந்த இண்டிகா ஒன்றும் தரவில்லை.

போகிறவர்களுக்கு இரண்டு தகவல். ஆம்ஸ்டர்டாம் சிவப்பு விளக்குப் பகுதித் தெருக்களில் 2023 மே முதல் கஞ்சா புகைக்கத் தடை. பிடிபட்டால் 100 யூரோ. திரும்பும்போது பெட்டியையும் சட்டைப் பையையும் உதறிப் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி, சிறு அளவு கஞ்சாவோடு இந்தியாவில் வந்து இறங்கினாலும் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.